இல்லாத நாட்டின் பாட்டுக்கு எழுந்து நின்றவர்கள்

அந்தப் படத்தில் இரண்டு சின்ன நாடுகள் வரும். நடுவில் ஓர் ஆறு. ஒரு கோடையில் ஆறு வற்றி, மணலும் காற்றில் போய், எது கரை எது படுகை என்று தெரியாமல் ஆகிவிடுகிறது. எல்லை காணாமல் போனதால் இரண்டு நாடுகளும் சண்டைக்குக் கிளம்புகின்றன. கறுப்பு வெள்ளையில் எடுத்த பழைய வெளிநாட்டுப் படம். போரைக் கேலி செய்த படங்களில் முக்கியமான ஒன்று என்று எங்களுக்கு அதைக் காட்டிய பேராசிரியை சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கோவில்பட்டியில் நான் படித்த கல்லூரியில் ஆங்கிலத் துறைக்கு ஒரு திரைப்பட மன்றம் இருந்தது. ஜன்னல்களில் சார்ட் ஒட்டி இருட்டாக்கிய வகுப்பறைதான் தியேட்டர். மின்விசிறி ஓடினால் சார்ட் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். பாதிப் படத்தில் பலர் பஸ்ஸுக்கு எழுந்து போனார்கள். என் ஊர்ப் பக்கம், பசுவந்தனை வழியாகப் போகும் பஸ்ஸும் அந்த நேரத்துக்குத்தான். நான் எழவில்லை. படத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தைப் படித்தால் முகம் தவறியது, முகத்தைப் பார்த்தால் எழுத்து போய்விட்டது. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்கப் பழகிக்கொண்டேன். இடைவேளைக்குப் பிறகு வகுப்பில் முதலில் சிரித்தது நான்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா செம்மறி ஆடு வளர்க்கிறவர். அறுவடை முடிந்த கரிசல் காடுகளில் உரத்துக்காக ஆட்டை இரவெல்லாம் அடைத்துப் போடுவதைக் கிடை போடுவது என்பார்கள். வருஷத்தில் பாதியை அப்பா அப்படிக் கிடையோடு ஊர் ஊராகக் கழிப்பார். மீதிப் பாதியில் எங்கள் சொந்தப் புஞ்சையில் உளுந்தும் மக்காச்சோளமும். அம்மா கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். இருட்டறையில் ஓடுகிற அந்நிய எழுத்தை, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிற வேகத்தில் படித்தேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது.

படத்தின் ஜெனரலுக்குப் பதக்கம் குத்த மார்பில் இடம் போதாது. அதனால் அவருக்குப் பின்னால் ஒருவன் இன்னொரு சட்டையைப் பலகையில் மாட்டித் தூக்கிக்கொண்டு நடப்பான். மீதிப் பதக்கங்கள் அதில். ஜெனரல் திரும்பினால் அவனும் திரும்ப வேண்டும். படம் இதைக் கேலியாகச் சொல்லாது. கேமரா அமைதியாக இருக்கும், நடிகர்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள், ஒரு கல்யாண ஊர்வலத்தைக் காட்டுவதுபோல் முறையாகக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும். அந்த முறைதான் எனக்குப் பிடித்தது. திட்டுகிற படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு அந்தப் படத்தை என் வீட்டு முன்னால் காட்ட வேண்டி வந்தது. அதற்குக் காரணம் என் தங்கை.

நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ராணுவத்தில் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று மாமா சொன்ன நாளிலிருந்து விடியற்காலையில் ஓட ஆரம்பித்தாள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை மிலிட்டரி என்றால்தான் தெரியும். தங்கை தார் ரோட்டில் ஓடுவாள், மாமா டிவிஎஸ் வண்டியில் பின்னால் வருவார். ஐப்பசி மழையில் கரிசல் மண் ரோட்டின் மேல் ஏறியிருக்கும். அது ஷூவில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு செங்கல் கனம் கனக்கும். அப்போதும் ஓடினாள். மாசி வந்தபோது ஆள் எடுப்புக்கு அழைப்பு வந்துவிட்டது. தூரத்து ஊர். அடுத்த வாரம் மாமா கூட்டிப் போவதாக ஏற்பாடு.

அப்பா அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அம்மாவால் முடியவில்லை. ஒரு சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ரோட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, நீ படிச்சவ. நீ சொன்னா கேப்பா. என்னத்தச் சொல்லுவியோ, அவ போவக்கூடாது.”

“நான் சொல்லாமலாம்மா இருந்தேன்?”

“சொன்ன மாதிரி சொல்லாத. அவ மண்டையில ஏறுத மாதிரி சொல்லு.”

நானும் அவள் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். என்னைப் போலக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. அதைச் சொன்னபோது அவள், “யக்கா, நீ படிச்சி டீச்சராயிட்ட. நானும் படிச்சி டீச்சராவணும். எல்லாரும் டீச்சரானா யாருதான் படிக்குதது?” என்று கேட்டுவிட்டுக் கயிறு தாண்டப் போய்விட்டாள். அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது.

பள்ளியில் கேட்டு ப்ரொஜெக்டரை வாங்கி வந்தேன். எதிர் வீட்டுச் சுவருக்குப் பொங்கலுக்குத்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வாரம் கிடை ஊருக்குப் பக்கத்திலேயே கிடந்ததால் அப்பாவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வீட்டாரும் மாமாவும் மட்டும் பார்ப்பதாகத்தான் யோசனை. வயரைப் பார்த்ததும் தெருவில் கேள்வி வந்தது.

“படமா? யாரு நடிச்சது?”

“வெளிநாட்டுப் படம்.”

“சண்டை இருக்கா?”

“சண்டைப் படந்தான்.”

பொழுது சாய்ந்ததும் தெருவில் பாதிப்பேர் சாக்கையும் பாயையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாமாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி.

எழுத்தைப் படித்துச் சொல்ல வேண்டியது என் வேலை. அத்தனை பாத்திரங்களுக்கும் நான்தான் குரல். சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தயாராகவே இருந்தேன். ஜெனரல் வந்தார், வாயைத் திறந்தார்.

“வீரர்களே, நமது எல்லை களவாடப்பட்டுவிட்டது” என்றேன்.

பின்னாலிருந்து எதிர்வீட்டு அத்தை கேட்டாள். “இது என்னட்டி ரேடியோ செய்தி மாதிரி? அவன் என்ன சொல்லுதான்னு சொல்லு.”

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே அடுத்த வசனத்தைச் சொன்னேன். “ஏலே, எல்லையில எவம்லே நின்னது?”

சுவரில் ஒரு சிப்பாய் விறைப்பாக நின்று பதில் சொன்னான். நான் அதைச் சொன்னேன். “அண்ணாச்சி, நான் எல்லையிலதான் நின்னேன். எல்லைதான் என்கூட நிக்கல.”

தெரு சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. “ஜெனரல அண்ணாச்சிங்கக் கூடாது. சாப்னு சொல்லணும்” என்றார். அதற்கும் சிரித்தார்கள். அன்று முழுக்க ஜெனரல் அண்ணாச்சியாகவே இருந்தார். நான் கல்லூரியில் பார்த்த ஜெனரலைவிட இவர் மோசமானவர், கூடவே தெரிந்தவர். டீக்கடையில் நமக்கு முன்னால் புகுந்து டீ வாங்கிப் போகிற ஆள்.

ஆற்றின் கதையை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. புஞ்சைக்கும் புஞ்சைக்கும் நடுவில் எல்லையாக விடும் துண்டு நிலத்தை எங்கள் பக்கம் பொழி என்போம். அதில் ஒரு சால் கூடுதலாக உழுதுவிட்டால் போதும், சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். அத்தை சுவரைப் பார்த்து, “ரெண்டு ராசாவுக்கும் பொழித் தகராறு. இதுக்கு இவ்வளவு பேரையா கூட்டிட்டு வந்திருக்கான்?” என்றாள். பேராசிரியை அரை மணி நேரம் பேசியது அந்த ஒரு வரிக்குள் இருந்தது என்று அங்கேயே தோன்றியது. ஆனால் அரை மணி நேரப் பேச்சைக் கேட்டிருந்ததால்தான் எனக்கு அப்படித் தோன்றியது.

அணிவகுப்பைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வரும் காட்சி ஒன்று உண்டு. ஆள் போதவில்லை. பனி மூட்டமாக இருப்பதால் பின்வரிசையில் செம்மறி ஆடுகளை நிறுத்தி இரும்புத் தொப்பி மாட்டிவிடுவார்கள். அதிகாரி எல்லா வரிசையையும் குறை சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் நிற்பார். “பின்வரிசையப் பாருங்கலே. ஒருத்தனாவது முணுமுணுக்கானா?” என்று நான் சொன்னபோது, அதுவரை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

தங்கை திரும்பி, “யப்பா, நம்ம ஆடெல்லாம் செலக்ஷன் ஆயிட்டு” என்றாள்.

“ஓட்டத்துல விட்டுரும்ட்டி. கிடா மட்டும் தேறும்.”

தங்கைதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. கேலி உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் நாட்டுப் பண் வந்தது. அந்தப் படத்தின் பெரிய வேடிக்கையே அதுதான். அந்த நாட்டில் பண் ஒலித்தால் யாராக இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும் விறைத்து நிற்க வேண்டும். பாட்டு மிக நீளம். முடிந்ததுபோல் இருக்கும், மறுபடி எழும். கல்லூரியில் நாங்கள் இந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இங்கே சுவரில் கொடி ஏறியது, பேண்டு முழங்கியது, சிப்பாய்கள் காலைச் சேர்த்தார்கள். மாமா எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் எழுந்ததைப் பார்த்து அம்மா எழுந்தாள். கோவில்பட்டித் தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் தேசிய கீதம் போட்ட காலத்தில் அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப் போய், எழுந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அம்மா எழுந்ததும் சாக்கில் இருந்தவர்கள், பாயில் இருந்தவர்கள், எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“மாமா, அது படத்துல உள்ள பாட்டு” என்றேன்.

“தெரியும்ட்டி.”

“அப்படி ஒரு நாடே கிடையாது மாமா.”

“நாடு இல்லாட்டா என்ன? பாட்டுன்னு ஒண்ணு இருக்குல்லா. ஆடாம நில்லுங்க எல்லாரும்.”

நின்றார்கள். சுவரில் ஒருவன் குளித்துக்கொண்டிருந்தவன், சோப்பு நுரையோடு விறைத்து நின்றான். சுவருக்கு இந்தப் பக்கமும் அதே நிலை. அத்தை உதட்டை அசைக்காமல், “எப்பட்டி முடியும்?” என்று கேட்டாள். நான் வசனம் சொல்வதற்காக முன்னமே நின்றுகொண்டிருந்தேன். அதனால் நான் எந்தப் பக்கம் என்ற கேள்வி வரவில்லை.

இரண்டாவது முறை பண் வந்தபோது பாதிப்பேர்தான் எழுந்தார்கள். அத்தை தங்கையின் பாவாடையை இழுத்து, “எனக்கு முட்டு வலி. என் பங்குக்கும் நீயே நில்லு” என்றாள். தங்கை இரண்டு பேர் பங்குக்கும் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

கடைசிக் காட்சியில் வசனம் கிடையாது. வறண்ட ஆற்றில் இரண்டு படைகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. துப்பாக்கிகள் உயர்கின்றன. பேண்டு மாஸ்டர் குண்டான மனிதர், சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு நாட்டுப் பாட்டைத் தொடங்கிவிடுகிறார். இந்தப் படை விறைத்து நிற்கிறது. எதிர்ப்படையும் நிற்கிறது. முன்னொரு காலத்தில் இரண்டும் ஒரே நாடாக இருந்ததால், சொல் வேறானாலும் மெட்டு ஒன்றுதான். பாட்டு முடிகிறது. துப்பாக்கிகள் மறுபடி உயர்கின்றன. மாஸ்டர் அவற்றைப் பார்க்கிறார், தன் கையில் உள்ள கோலைப் பார்க்கிறார், பாட்டை மறுபடி தொடங்குகிறார். பிறகு நிறுத்துவதே இல்லை. நிறுத்தினால் சுடுவார்கள். வெயில் ஏறி இறங்குகிறது. டிரம் அடிக்கிறவன் நின்றபடியே உறங்கி விழுகிறான். கொம்பு ஊதுகிறவனின் உதடு வெடிக்கிறது. ஒவ்வொருவராக ஓய்கிறார்கள். கடைசியில் ஒரு புல்லாங்குழல் மட்டும். திரை இருண்டுவிடும், இருட்டில் குழல் கொஞ்ச நேரம் கேட்கும். அவ்வளவுதான் படம்.

கல்லூரியில் பார்த்தபோது இதைக் கசப்பான முடிவு என்று குறிப்பு எழுதியிருந்தேன். அந்தக் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று எனக்குச் சொல்ல வசனம் இல்லாததால் பார்வையாளர்களைப் பார்க்க முடிந்தது. முதலில் மாமாவும் அம்மாவும் தங்கையும் இன்னும் சிலரும் எழுந்து நின்றார்கள். பாட்டு மூன்றாவது சுற்று வந்தபோது சிலர் உட்கார்ந்தார்கள். மாமா தாக்குப்பிடித்தார். பிறகு, “இது நிக்காதுட்டி” என்று சொல்லி, மறுபடி விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மிலிட்டரியே உட்கார்ந்த பிறகு மற்றவர்களுக்கு என்ன, எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா உட்காரவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, சுவரில் அந்தக் குண்டு மனிதரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது. “உக்காருக்கா, தெரியல” என்று ஒரு குரல் வந்தது. அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தங்கை சுவரை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் இருண்டு, குழலும் நின்ற பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள்.

தெரு கலைந்ததும் தங்கை வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். “யக்கா, படம் நல்லாத்தான் இருக்கு. இதக் காட்டி என்னையப் போவ வேண்டாங்குதியா?”

“ஆமா.”

“அந்த அண்ணாச்சி மாதிரி ஆளு எங்கனதான் இல்ல? உங்க ஸ்கூல்ல கிடையாதா?”

இருந்தார். அவர் வரும்போது எழுந்து நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி. நான் ப்ரொஜெக்டரின் மூடியைத் தேடினேன்.

அப்போது அம்மா மாமாவிடம் வந்தாள்.

“அண்ணே, அந்த ஊதிக்கிட்டும் அடிச்சிக்கிட்டும் இருந்தாவள்ளா, அந்த வேலைக்குப் பொம்பளப் பிள்ளைய எடுப்பாவளா?”

மாமா யோசித்தார். “அது தனி செலக்ஷன். வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும்.”

அம்மா தங்கையிடம் திரும்பினாள். “ஏட்டி, நீ பள்ளிக்கூடத்துல டிரம் அடிச்சேல்லா?”

“யம்மா, அது சுதந்திர தினத்துக்கு அடிச்சது. எப்பவும் அடிக்குத அக்கா வரலன்னு என் கழுத்துல மாட்டிவிட்டாவ.”

“அடிச்சியா, இல்லியா?”

“அடிச்சேன்.”

“அப்ப அங்கன போயி அதச் சொல்லு. அந்த வேலையக் கேளு. அதுன்னா போ.”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். பேண்டு என்பது தனிப் பிரிவு, இவள் போவது வேறு என்று எனக்குத் தெரியும். மாமா அதைத்தான் இப்போது சொன்னார். ஆனால் அம்மா படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசிக்கிற வரைக்கும் சுடமாட்டார்கள் என்பதுதான் அந்தப் படத்தில் இருப்பது. நான் அதை முடிவாகப் பார்த்திருந்தேன். அவள் அதை ஒரு வேலையாகப் பார்த்தாள்.

“சரிம்மா, கேக்கேன்” என்றாள் தங்கை.

அடுத்த வாரம் மாமாவோடு போனாள். அம்மா பஸ் வரை வந்து, ஏறும்போதும் டிரம்மை ஞாபகப்படுத்தினாள். ஓட்டத்தில் அவள் முன்னால் வந்தாளாம். மாமா அதைத் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். டிரம்மைப் பற்றி யாரிடமாவது கேட்டாளா என்று நான் அவளிடம் விசாரிக்கவில்லை.

இப்போது அவள் வடக்கே ஒரு முகாமில் இருக்கிறாள். எப்போதாவது எனக்கு மட்டும் செய்தி அனுப்புவாள். ஒருமுறை, “இன்னைக்குப் பெரிய அண்ணாச்சி பாக்க வந்தாவ. ரெண்டு நாளா கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிச்சோம். நான் பின்வரிசை” என்று எழுதியிருந்தாள். ஆசிரியர்கள் அறையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னவென்று கேட்டார். ஒரு பழைய படம் என்றேன். அந்தப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த கட்டுரைகள் எதிலும், அந்தப் பின்வரிசையிலிருந்து யாரும் எழுதியிருக்கவில்லை. இன்னொரு முறை, அங்கே காலையில் பேண்டு கிடையாது, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள் என்று எழுதினாள். அம்மாவிடம் சொல்லாதே என்று சேர்த்திருந்தாள். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடுவாள். அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்குவாள். சாப்பாடு, குளிர், சளி எல்லாம் கேட்டு முடித்த பிறகு அந்தக் கேள்வி வரும். ஸ்பீக்கரில் போட்டிருப்பதால் எனக்கும் கேட்கும்.

“ஏட்டி, அங்கன மேளம் வாசிக்காவளா?”

“வாசிக்காவம்மா. டெய்லி காலையில.”

“நீயா வாசிக்க?”

“பக்கத்துலதான் நிக்கேன்.”

“சரி. நிறுத்தாம வாசிக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அம்மா போனை என்னிடம் நீட்டுவாள்.